ஒரு டிஷ், இரண்டு பாக்ஸ், ஒரு ரெக்கார்டிங்: சேலம், ஏற்காடு வீடுகளில் சிக்னல் எங்கே சிக்குகிறது

மொட்டைமாடியில் நின்ற பழைய மீன்முள் ஆன்டெனாவில் பிரிப்பது சுலபமான வேலை. ஆன்டெனாவுக்கு எட்டும் எல்லாச் சேனலும் ஒரே கம்பியில் ஒன்றாக இறங்கும். இரண்டு ரூபாய் ஸ்ப்ளிட்டர் போட்டாலும் இரண்டு டிவியும் அதது பாட்டுக்கு ஓடும். தூர்தர்ஷன் தன் அனலாக் தரைவழி ஒளிபரப்பை 2022-க்குள் ஏறக்குறைய எல்லா ஊரிலும் மூடிவிட்டது. இன்று சேலத்தில் மாதக் கட்டணம் இல்லாமல் பார்க்கவும் பதிவு செய்யவும் டிடி ஃப்ரீ டிஷ்தான் வழி. அதில் ஸ்ப்ளிட்டர் வேலை வேறு மாதிரி. டிஷ்ஷிலிருந்து சிக்னல் கீழே வரும் அதே கேபிளில் செட்-டாப் பாக்ஸிலிருந்து மின்சாரம் மேலே போகிறது. அந்த மின்சாரத்தின் அளவுதான் எல்.என்.பி. (டிஷ்ஷின் முன்னால் நீட்டிய கையில் இருந்து சிக்னலைப் பிடிக்கும் சிறு கருவி) எதைக் கீழே அனுப்ப வேண்டும் என்பதைச் சொல்கிறது. இங்கே பார்க்கப்போகும் பழுதுகளில் பாதி, சிக்னல் குறைந்ததால் வருவதில்லை. மேலே போகும் வோல்ட் கெட்டுப்போவதால் வருகிறது.

கையில் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு மீட்டர் நீளத்தில் நல்ல கேபிள் துண்டு (இரு முனையும் எஃப் கனெக்டர், அதாவது டிஷ் கேபிளுக்கான உலோகப் பொருத்தி போட்டது), ஒரு குட்டிக் காந்தம் இருந்தால் போதும். பாக்ஸின் மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என்று இரண்டு பட்டைகள் இருக்கும். ஸ்ட்ரெங்த் என்பது கேபிளில் ஏதோ வருகிறது என்பதற்கு மட்டும் அடையாளம், இரைச்சலையும் சேர்த்துத்தான் காட்டும். நம்ப வேண்டியது குவாலிட்டியை. எந்தக் கனெக்டரைக் கழற்றும் முன்பும் எல்லா பாக்ஸையும் சுவர் சுவிட்சில் அணைத்துவிடுங்கள்.

ஹாலில் சேனல் மாற்றினால் பெட்ரூமில் படம் போகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். முழுதாகப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாகப் பிடிபடும்.

எல்.என்.பி.க்கு ஏறத்தாழ 13 வோல்ட் வந்தால் செங்குத்து அலைகளை, அதாவது 'வி' என்று மெனுவில் காட்டுவதை எடுக்கும். 18 வோல்ட் வந்தால் கிடை அலைகளை, 'எச்' என்பதை எடுக்கும். யுனிவர்சல் எல்.என்.பி.யாக இருந்தால் இதோடு 22 கிலோஹெர்ட்ஸ் டோன் என்ற இன்னொரு கட்டளையும் உண்டு. டோன் இல்லாவிட்டால் 11.7 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே, டோன் இருந்தால் அதற்கு மேலே. ஆக ஒரு எல்.என்.பி. வாயில் ஒரு நேரத்தில் வானத்தில் இருப்பதில் கால் பங்கு மட்டும்தான் இறங்கும். எந்தக் கால் பங்கு என்று கேட்பது பாக்ஸ்.

இப்போது ஸ்ப்ளிட்டர் வழியாக இரண்டு பாக்ஸ்கள் ஒரே எல்.என்.பி.யிடம் கேட்கின்றன. பெட்ரூம் பாக்ஸ் 13 அனுப்புகிறது, ஹால் பாக்ஸ் 18 அனுப்புகிறது. ஸ்ப்ளிட்டருக்குள் இருக்கும், மின்சாரத்தை ஒரே பக்கம் விடும் டையோடுகள் வழியாக எது அதிகமோ அதுவே மேலே போகும். 18 ஜெயிக்கும், பெட்ரூம் இருட்டாகும். ஹாலில் மறுபடி 'வி' சேனலுக்கு வந்தால் பெட்ரூமில் படம் திரும்பும். ஸ்ப்ளிட்டர் பழுதில்லை, சரியாகத்தான் வேலை செய்கிறது.

சோதனை: இரண்டு பாக்ஸிலும் டிரான்ஸ்பாண்டர் (பல சேனல்களைச் சேர்த்துச் சுமக்கும் செயற்கைக்கோள் அலைவரிசை) பட்டியலைத் திறந்து, உங்கள் வீட்டில் பார்க்கும் சேனல்கள் எந்த டிரான்ஸ்பாண்டரில் இருக்கின்றன, எதிரே 'வி'யா 'எச்'சா என்று எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே எழுத்து, எல்லாம் 11.7-க்குக் கீழே என்றால் ஸ்ப்ளிட்டர் தாராளமாகப் போதும். உங்கள் பழுது வேறெங்கோ இருக்கிறது, அடுத்த பகுதிகளுக்குப் போங்கள். ஒன்றிரண்டு வேறு எழுத்தாக இருந்து, அவை வீட்டில் யாருக்கும் வேண்டாதவை என்றால் சேனல் பட்டியலிலிருந்து அவற்றை நீக்கிவிட்டால் சண்டை ஓய்ந்தது. இரண்டும் வேண்டும் என்றால் ஸ்ப்ளிட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு ட்வின் எல்.என்.பி. வாங்குங்கள். அதில் இரண்டு வாய்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக முடிவெடுக்கும். மாடியிலிருந்து இரண்டாவது கேபிள் ஒன்று இறக்க வேண்டியிருக்கும். அந்தக் கேபிளுக்குச் சோம்பல்பட்டுத்தான் பலரும் ஸ்ப்ளிட்டரோடு மல்லுக்கட்டுகிறார்கள். மூன்று நான்கு பாக்ஸ் என்றால் குவாட் எல்.என்.பி. அதற்கும் மேலே அடுக்குமாடி அளவில், பல பாக்ஸ்களுக்குத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கும் மல்டிசுவிட்ச்.

கடையில் 'ரெண்டு டிவிக்கு சுவிட்ச் கொடுங்க' என்று கேட்டால் சில நேரம் டைசெக் சுவிட்ச் கைக்கு வரும். அது இரண்டு அல்லது நான்கு எல்.என்.பி.களை ஒரே பாக்ஸுக்கு இணைக்கும் சாமான். ஸ்ப்ளிட்டருக்கு நேர் எதிர். அதைத் தலைகீழாக மாட்டினால் ஒரு டிவியிலும் படம் வராது. 'ஸ்ப்ளிட்டர்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், மேலே அச்சிட்டிருப்பதையும் படியுங்கள்.

மெயின் பாக்ஸை அணைத்தால் இரண்டாவது டிவியும் போகிறது

இரண்டு காரணம்தான். ஒன்று, இரண்டாவது பாக்ஸுக்கு முதல் பாக்ஸின் பின்னால் உள்ள 'எல்.என்.பி. அவுட்' ஓட்டையிலிருந்து கேபிள் போகிறது. பல பாக்ஸ்களில் மின்சாரம் நின்றால், சிலவற்றில் ஸ்டாண்ட்பைக்குப் போனாலே, அந்த ஓட்டை செத்துவிடும். இரண்டு, ஸ்ப்ளிட்டரில் ஒரே ஒரு வாய் மட்டும் மின்சாரத்தை மேலே விடும் வகை. அந்த வாயில் மெயின் பாக்ஸ் இருக்கிறது. ஸ்ப்ளிட்டரின் உடம்பில் எந்த வாய்க்கு எதிரே 'பவர் பாஸ்' என்றோ ஒரு கோடும் அம்புக்குறியுமோ போட்டிருக்கிறது என்று பாருங்கள். எல்லா வாயிலும் பவர் விடும், டையோடு வைத்த வகையை மாட்டினால் எந்த பாக்ஸ் ஓடினாலும் எல்.என்.பி. விழித்திருக்கும். மாற்ற முடியாத நிலை என்றால் பவர் பாஸ் வாயை ரெக்கார்டிங் செய்யும் பாக்ஸுக்குக் கொடுத்து, அதை எப்போதும் ஓட விடுங்கள்.

இரண்டு டிவியிலும் எதுவும் இல்லை, அல்லது 'எல்.என்.பி. ஷார்ட்' என்று வருகிறது

ஷார்ட் என்று பாக்ஸே சொன்னால் கேபிளின் நடுக்கம்பி எங்கோ மேல்வலையைத் தொடுகிறது. பத்தில் எட்டு முறை கனெக்டருக்குள் ஒரே ஒரு மெல்லிய வலைநூல் வளைந்து உள்ளே போயிருக்கும். கேபிளின் இரு முனையையும் கழற்றிவிட்டு நடுக்கம்பிக்கும் வலைக்கும் இடையே ஓம் அளவில் பாருங்கள். எந்தத் தொடர்பும் காட்டக்கூடாது. எல்.என்.பி. மாட்டியபடி அளந்தால் ஏதாவது ஒரு எண் வரும், அதை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள்.

பின்பு ஒரு முனையில் நடுக்கம்பியையும் வலையையும் ஒரு கிளிப்பால் சேர்த்துவிட்டு மறுமுனையில் அளந்தால் கேபிளின் மொத்தத் தடை தெரியும். 30 மீட்டர் ஆர்ஜி-6 (டிஷ்ஷுக்கு வழக்கமாகப் போடும் வகை) கேபிளில் சுத்தச் செம்பு நடுக்கம்பி என்றால் ஒன்றிலிருந்து இரண்டு ஓமுக்குள். இரும்புக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய வகை என்றால் மூன்றிலிருந்து ஐந்து ஓம். நடுக்கம்பியில் காந்தம் ஒட்டினால் முலாம் வகை. சந்தையில் கிடைப்பதில் பெரும்பாலும் அதுதான், சிக்னலுக்கு அதனால் குறையும் இல்லை, ஏனெனில் உயர் அலைவரிசை கம்பியின் மேல்தோலில்தான் ஓடுகிறது. குறை வோல்ட்டுக்குத்தான். 20 ஓம், 50 ஓம் என்று காட்டினால் நடுவில் எங்கோ துரு பிடித்த ஜாயின்ட் இருக்கிறது.

ஷார்ட்டும் இல்லை, தொடர்பும் சரி என்றால் பாக்ஸை இயக்கி, எல்.என்.பி. பக்க முனையில் வோல்ட் பாருங்கள். 'வி' சேனல் வைத்தால் 12-இலிருந்து 14, 'எச்' வைத்தால் 17-இலிருந்து 19. எதுவுமே இல்லையென்றால் முதலில் பாக்ஸ் மெனுவில் எல்.என்.பி. பவர் 'ஆன்' ஆக இருக்கிறதா பாருங்கள். அதன்பிறகு ஸ்ப்ளிட்டரை ஒதுக்கிவிட்டு நேராக மாட்டிப் பாருங்கள்.

'எச்' சேனல்கள் மட்டும் மழைக்காலத்தில் போய்ப் போய் வருகிறது என்றால் இதே இடத்தில்தான் விடை. எல்.என்.பி. 13-க்கும் 18-க்கும் இடையே எங்கோ ஒரு கோட்டில் மாறுகிறது. மேலே போய்ச்சேரும் வோல்ட் 16-க்குக் கீழே விழுந்தால் 'எச்' கேட்டாலும் 'வி' கொடுக்கத் தொடங்கலாம். ஸ்ப்ளிட்டர் டையோடு முக்கால் வோல்ட் வரை சாப்பிடும், துருப்பிடித்த கனெக்டர் மீதியைச் சாப்பிடும்.

ஸ்ப்ளிட்டர் போட்டதிலிருந்து குவாலிட்டி விழுந்துவிட்டது

இங்கே ஒரு கணக்கு. எல்.என்.பி. தன்னிடம் வரும் சிக்னலை 50-இலிருந்து 60 டெசிபல் (சிக்னல் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு) வரை பெருக்கித்தான் கீழே அனுப்புகிறது. இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் அதில் 4-இலிருந்து 6 டெசிபல் எடுக்கும். டிஷ் சிக்னல் கேபிளில் இறங்கும் அலைவரிசை 950-இலிருந்து 2,150 மெகாஹெர்ட்ஸ். 1,750-ஐ ஒட்டி 30 மீட்டர் ஆர்ஜி-6 இன்னொரு 8 அல்லது 9 டெசிபல் எடுக்கும். மொத்தம் 12-இலிருந்து 15. பாக்ஸுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, தாங்கும். ஆகவே நல்ல ஸ்ப்ளிட்டர் ஒன்று போட்டதற்காகக் குவாலிட்டி விழாது. விழுந்தால் ஸ்ப்ளிட்டர் தப்பானது, கனெக்டர் தப்பானது, அல்லது டிஷ் முன்பே அரைகுறையாக நின்றுகொண்டிருந்தது.

தப்பான ஸ்ப்ளிட்டர் என்பது பெரும்பாலும் கேபிள் டிவிக்காரருடையது. உடம்பில் '5–1000' என்று இருந்தால் அது 1,000 மெகாஹெர்ட்ஸ் வரைக்குத்தான். நமக்கு வேண்டியது '5–2400' அல்லது '950–2150'. கேபிள் டிவி ஸ்ப்ளிட்டரில் பெரும்பாலும் மின்சாரமும் மேலே போகாது. அதேபோலப் பழைய கேபிள் டிவி இணைப்புக்கு இழுத்த ஆர்ஜி-59 கேபிளையே பயன்படுத்தினால் அதே 30 மீட்டருக்கு 11, 12 டெசிபல் போகும். சின்ன வீட்டில் ஓடிவிடும். மூன்றாவது மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு என்றால் புதிதாக இழுப்பதே மேல்.

கடைக்காரர் 'லைன் ஆம்ப்ளிஃபயர் போடுங்க' என்பார். 50 மீட்டருக்கு மேல் கேபிள் ஓடினாலொழிய வேண்டாம். அது சிக்னலையும் இரைச்சலையும் ஒரே அளவில் பெருக்கும். ஸ்ட்ரெங்த் பட்டை ஏறும், குவாலிட்டி அப்படியே இருக்கும்.

கனெக்டர் போடும் முறை: வெளித்தோலை ஒரு சென்டிமீட்டரளவு சீவி, வலையைப் பின்பக்கமாக மடித்து, வெள்ளை இன்சுலேஷனை வெட்டும்போது நடுக்கம்பியில் கத்தி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; முலாம் போனால் இரும்பு துருப்பிடிக்கும். இன்சுலேஷன் கனெக்டரின் உள்தரையோடு சமமாக நிற்க வேண்டும். நடுக்கம்பி கனெக்டரின் விளிம்பைத் தாண்டி மூன்று மில்லிமீட்டர் நீட்டினால் போதும். திருகி ஏற்றும் வகையைவிட அழுத்திப் பொருத்தும் கம்ப்ரெஷன் வகை நல்லது. கருவி ஒரு முறை வாங்கினால் தெருவுக்கே போதும்.

ஸ்ப்ளிட்டரில் வாய் ஒன்று காலியாக இருந்தால் 75 ஓம் டெர்மினேட்டர் போட்டு மூடுங்கள். பவர் விடும் வாய் என்றால் டி.சி. தடுப்பு உள்ள டெர்மினேட்டர்தான், சாதாரணமானது சூடாகிக் கருகும்.

சில சேனல் மட்டும் வரவில்லை, மற்றவை பளிச்

சத்தம் வந்து படம் வராவிட்டால், அல்லது தேடலில் அந்தச் சேனல் பெயரே சிக்காவிட்டால், பழைய பாக்ஸ். ஃப்ரீ டிஷ்ஷில் எம்பெக்-2 சேனலும் உண்டு, எம்பெக்-4 சேனலும் உண்டு; இவை படத்தைச் சுருக்கி அனுப்பும் முறைகள். பழைய எம்பெக்-2 பாக்ஸுக்குப் பின்னது புரியாது. இதற்கு மாடியில் ஏற வேண்டாம்; எம்பெக்-4, டிவிபி-எஸ்2 (புதிய செயற்கைக்கோள் ஒளிபரப்பு முறை) என்று இரண்டும் எழுதிய பாக்ஸ் வாங்க வேண்டும். பட்டியலும் அடிக்கடி மாறுகிறது. ஒரு சேனல் திடீரெனக் காணோம் என்றால் முதலில் புதிதாகத் தேடுதல் ஓட்டிவிடுங்கள்.

ஒரே டிரான்ஸ்பாண்டரில் உள்ள எல்லாச் சேனலும் கட்டம் கட்டமாக உடைகிறது, பக்கத்து டிரான்ஸ்பாண்டர் சரியாக இருக்கிறது என்றால் அலைவரிசை எண்ணைப் பாருங்கள். டிரான்ஸ்பாண்டர் எண்ணிலிருந்து 9,750-ஐக் கழித்தால் கேபிளில் ஓடும் அலைவரிசை வரும். 11,555-இலிருந்து 11,630 வரை உள்ளவை கேபிளில் 1,805-இலிருந்து 1,880 ஆகின்றன. அதே இடத்தில்தான் 1,800 பேண்ட் மொபைல் டவர்களும் பேசுகின்றன. சேலத்தில் ஐந்து ரோடு, அம்மாப்பேட்டை போல நெருக்கமான இடத்தில் எதிர் மாடியிலேயே டவர் நிற்கும். வலை தளர்ந்த கேபிள், திருகு கனெக்டர், மூடாத ஸ்ப்ளிட்டர் வாய் ஆகியவற்றின் வழியாக அது உள்ளே நுழையும். நான்கு அடுக்குக் கவசம் உள்ள ஆர்ஜி-6, கம்ப்ரெஷன் கனெக்டர், மூடிய வாய்: இந்த மூன்றும் செய்தால் பெரும்பாலும் தீரும். ஸ்ப்ளிட்டரை வெயிலில் தொங்கவிடாமல் படிக்கட்டு மறைவில் வையுங்கள்.

ஸ்ட்ரெங்த் நிறைய, குவாலிட்டி பூஜ்ஜியம்

டிஷ் வேறு எதையோ பார்க்கிறது. ஃப்ரீ டிஷ் வருவது 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15-இலிருந்து. இரண்டு டிகிரி தள்ளி 91.5-இல் மியாசாட் என்ற வேறு செயற்கைக்கோள். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலமே ஏறத்தாழ மூன்று டிகிரி என்பதால், காற்றில் ஒரு விரற்கடை அசைந்தாலும் தப்பான உச்சியில் போய் உட்கார்ந்துவிடும்.

சேலத்திலிருந்து கணக்குப் போட்டால் திசை உண்மை வடக்கிலிருந்து 126 டிகிரி, அதாவது தென்கிழக்கு. உயரம் 67 முதல் 68 டிகிரி. ஏறக்குறைய தலைக்கு மேலே. ஆஃப்செட் டிஷ் (எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கம் தள்ளி நிற்கும் வகை) என்பதால் தட்டு அவ்வளவு மல்லாந்து தெரியாது, அதைப் பார்த்து 'தப்பா நிக்குது' என்று நிமிர்த்திவிடாதீர்கள். எல்.என்.பி.யையும் அதன் பிடியில் சுழற்ற வேண்டும். பூமத்திய ரேகைக்கு நாம் பக்கம் என்பதால் இந்தச் சுழற்சி வட இந்தியாவைவிட நமக்கு அதிகம், கணக்குப்படி 50 டிகிரியை ஒட்டி. டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று வானத்தைப் பார்த்தால் இடச்சுற்று, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. டெல்லியில் எடுத்த வீடியோவைப் பார்த்து எல்.என்.பி.யை நேராக வைத்தால் 'வி'யும் 'எச்'சும் ஒன்றில் ஒன்று கலந்து குவாலிட்டி பாதியில் நிற்கும். ஐந்து ஐந்து டிகிரியாகச் சுழற்றி, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று விநாடி பொறுத்து குவாலிட்டி பட்டையைப் பாருங்கள். பாக்ஸ் கொஞ்சம் தாமதமாகத்தான் காட்டும்.

ஏற்காட்டில் மரம். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் வருடா வருடம் வளரும், டிஷ் வளராது. நல்ல செய்தி என்னவென்றால் செயற்கைக்கோள் உயரத்தில் இருப்பதால் தூரத்து மரமும் மலைச்சரிவும் தொந்தரவில்லை. டிஷ் மட்டத்துக்கு மேலே 12 மீட்டர் உயரம் உள்ள மரம் தென்கிழக்கில் ஐந்து மீட்டருக்குள் இருந்தால்தான் மறைக்கும், உயரத்தை 2.4-ஆல் வகுத்தால் தேவையான தூரம் வந்துவிடும். கிளைக்கும் சேர்த்து இன்னும் இரண்டு மீட்டர் விடுங்கள். வெயிலில் சரியாக ஓடி, மழை நின்ற பிறகும் ஒரு மணி நேரம் உடைகிறது என்றால் ஈர இலைகள் மறைக்கின்றன என்று பொருள்.

மழையிலும் பனிமூட்டத்திலும் உடைகிறது

கனமழையில் சில நிமிடம் போவது இயல்பு, அதற்கு மருந்தில்லை. தூறலுக்கே போனால் டிஷ் உச்சியில் இல்லை. வெயில் நாளில் குவாலிட்டியை இன்னும் நான்கைந்து புள்ளி ஏற்றிவிட்டால் மழைக்குத் தாங்கும். ஏற்காட்டில் 60-க்குப் பதில் 90 சென்டிமீட்டர் டிஷ் வைத்தால் மூன்றரை டெசிபல் கூடுதல் கிடைக்கும். அது ஆம்ப்ளிஃபயர் கொடுக்கும் பொய்யான ஏற்றம் இல்லை, உண்மையான சிக்னல்.

மூடுபனி இந்த அலையை அதிகம் தொடுவதில்லை. மூடுபனியில் போகிறது என்றால் எல்.என்.பி.யின் வெள்ளை மூடி மேல் நீர்ப்படலம், அல்லது வெயிலில் வெடித்த மூடி வழியே உள்ளே ஈரம். மூடியைத் துணியால் துடைத்துப் பாருங்கள், குளவிக்கூடு இருந்தால் எடுத்துவிடுங்கள். மண்கூடு சின்னதாக இருந்தாலும் சிக்னலை நன்றாகக் குறைக்கும். கேபிள் எல்.என்.பி.யில் ஏறும் இடத்துக்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள், தண்ணீர் அங்கே சொட்டிவிடும். கனெக்டருக்குத் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப். சாதாரண கறுப்பு டேப் ஒரு கோடையில் பிசுபிசுத்து அவிழும். குரங்கு கடிக்கும் இடங்களில் கேபிளை பி.வி.சி. குழாய்க்குள் விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

வானம் சுத்தமாக இருக்கும்போதே காலை 11 மணியை ஒட்டிச் சில நிமிடம் படம் போய், தானாக வந்து, அடுத்தடுத்த நாளும் அதே நேரம் நடந்தால் எதையும் தொடாதீர்கள். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அதன் இரைச்சல் சிக்னலை மூழ்கடிக்கும். சில நாளில் முடிந்துவிடும். இந்த நாட்களில் ஆளைக் கூப்பிட்டு நன்றாக நின்ற டிஷ்ஷைத் திருப்பிக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய.

ரெக்கார்டிங் நடுவில் நிற்கிறது, வெட்டி வெட்டி ஓடுகிறது

எப்போது நிற்கிறது என்று நேரத்தைக் குறியுங்கள். அதிலேயே காரணம் இருக்கும்.

மூன்று மணி நேரத்தை ஒட்டி நின்றால் பென் டிரைவின் ஃபார்மேட். சாதாரணச் சேனல் விநாடிக்கு 3 மெகாபிட் அளவில் வந்தால் மணிக்கு 1.35 ஜிபி, ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது. எச்டி சேனல் 8 மெகாபிட் என்றால் ஒரு மணி பத்து நிமிடத்திலேயே அந்தச் சுவர். நல்ல பாக்ஸ் அங்கே அடுத்த கோப்பைத் தானாகத் தொடங்கும், மலிவான பாக்ஸ் நின்றுவிடும். டிடி ஸ்போர்ட்ஸில் கிரிக்கெட் மேட்ச் கடைசி ஓவர்கள் இல்லாமல் போவது இப்படித்தான். பாக்ஸ் என்டிஎஃப்எஸ் எழுதும் என்றால் அதில் ஃபார்மேட் செய்யுங்கள். இல்லையென்றால் டைமரைச் சாதாரணச் சேனலுக்கு இரண்டு இரண்டு மணி நேரமாகவும் எச்டிக்கு ஒவ்வொரு மணி நேரமாகவும் உடைத்துப் போடுங்கள். எக்ஸ்ஃபேட் பல பாக்ஸ்களுக்குத் தெரியாது. 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு விண்டோஸின் சாதாரண ஃபார்மேட் பெட்டி ஃபேட்32 காட்டாததால் அறியாமலே எக்ஸ்ஃபேட் ஆகியிருக்கும். பாக்ஸின் மெனுவிலேயே ஃபார்மேட் வசதி இருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஒழுங்கே இல்லாத நேரங்களில் படம் வெட்டினால் முதலில் நேரலையில் அதே சேனலைப் பாருங்கள். அங்கேயும் வெட்டினால் சிக்னல். அங்கே சுத்தம், பதிவில் மட்டும் வெட்டு என்றால் டிரைவ் எழுதும் வேகம் போதவில்லை. தெருக்கடையில் மலிவாகக் கிடைக்கும் 128 ஜிபி பென் டிரைவ் உள்ளே 8 ஜிபியாக இருப்பதும் நடக்கிறது; முதல் சில பதிவு சரியாக ஓடி, பிறகு எல்லாம் கெட்டுப்போகும். கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறு நிரலால் முழுக்க எழுதிப் படித்துப் பார்த்தால் உண்மைக் கொள்ளளவு தெரியும். ஹார்ட் டிஸ்க் மாட்டினால் பாக்ஸே மறுபடி மறுபடி ஆன் ஆகிறதா? பாக்ஸின் யுஎஸ்பி ஓட்டை 500 மில்லி ஆம்பியருக்கு மேல் பொறுப்பேற்காது, டிஸ்க் சுழலத் தொடங்கும் விநாடியில் அதற்கு மேல் இழுக்கும். தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் வழியாக மாட்டுங்கள்.

பதிவு ஓடும்போது வேறு சேனல் பார்க்கவிடவில்லை என்பது பழுதே இல்லை. பாக்ஸுக்குள் ஒரே டியூனர். அது ஒரு நேரத்தில் ஒரு டிரான்ஸ்பாண்டரில்தான் நிற்கும். அதே டிரான்ஸ்பாண்டரில் உள்ள சேனல்களுக்குள் மட்டும் சில பாக்ஸ்கள் மாறவிடும். டிடி தமிழைப் பதிவு செய்துகொண்டே வேறொன்று பார்க்க வேண்டுமானால் இரண்டாவது பாக்ஸ் வேண்டும், அதுவும் ட்வின் எல்.என்.பி.யின் தனி வாயிலிருந்து. ஸ்ப்ளிட்டரில் போட்டால், ஹாலில் யாரோ 'எச்' சேனலுக்குத் தாவிய அந்தப் பத்து நிமிடம் பதிவில் கறுப்பாக இருக்கும்.

டைமர் தப்பான நேரத்தில் தொடங்கினால் பாக்ஸின் கடிகாரம் ஜிஎம்டியில் இருக்கிறது. +5:30 வைத்து, 'சம்மர் டைம்' என்பதை அணையுங்கள். டைமர் தொடங்கவே இல்லையென்றால் வீட்டில் யாரோ இரவில் சுவர் சுவிட்சை அணைத்திருக்கிறார்கள். ஸ்டாண்ட்பையில் விட்டால்தான் பாக்ஸ் எழுந்திருக்கும். முன்னால் ஐந்து நிமிடமும் பின்னால் பத்து நிமிடமும் கூடுதலாகப் போடுங்கள், தூர்தர்ஷன் நேரம் தவறினாலும் தப்பிக்கும். மின்வெட்டில் பதிவு அறுந்தால், 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் பாக்ஸுக்கு வைஃபை ரூட்டருக்கு விற்கும் மினி யுபிஎஸ்ஸே போதும். அடாப்டரில் அச்சிட்ட ஆம்பியரைவிட அது குறையாமல் இருக்க வேண்டும்.

கனெக்டரைத் தொட்டால் சுர்ரென்கிறது

இரண்டு முள் பிளக் உள்ள டிவி, பாக்ஸ் ஆகியவற்றின் மின்பகுதியிலிருந்து கசியும் மிகச் சிறு மின்சாரம் அது. எர்த் இல்லாததால் கேபிள் வலை வழியே எல்லாக் கருவியிலும் பரவி நிற்கும். ஆளைக் கொல்லாது, ஆனால் சுவிட்சைப் போட்டபடி எச்டிஎம்ஐ, எஃப் கனெக்டர்களைக் கழற்றி மாட்டினால் போர்ட் போய்விடும். விசைத்தறி ஓடும் வீடுகளில் தறிப் பகுதி ஒரு ஃபேஸ், வீடு வேறு ஃபேஸ் என்று இருப்பதால் இரண்டு பாக்ஸும் ஒரே ஃபேஸில், எர்த் உள்ள மூன்று முள் பலகையில் இருப்பது நல்லது. சுர்ரென்பது வலிக்கும் அளவுக்கு இருந்தால் அது கசிவு இல்லை, வயரிங் கோளாறு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அதுவரை மாடியில் டிஷ் கம்பத்தைத் தொடாதீர்கள்.

மலையில் இடி அதிகம். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு கிரவுண்ட் பிளாக் (கேபிளின் மேல்வலையை எர்த்தோடு இணைக்கும் சிறு உலோகத் துண்டு) வைத்து, அதிலிருந்தும் டிஷ் கம்பத்திலிருந்தும் வீட்டின் எர்த்துக்கே தடித்த செம்புக் கம்பி போக வேண்டும். டிஷ்ஷுக்கென்று தனிக் குழி தோண்டி விட்டுவிட்டால் இரண்டு எர்த்துக்கும் நடுவே பாக்ஸ்தான் மாட்டும். இடி தூரத்தில் கேட்கும்போதே பிளக்கோடு டிஷ் கேபிளையும் பாக்ஸிலிருந்து கழற்றிவிடுங்கள். பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு டிஷ் கேபிளை அப்படியே விட்டால், டிவி வரைக்கும் போகும் வழி திறந்துதான் கிடக்கும்.